தொட்டியில் நாற்பது நிமிடம்

மார்ச் 14, புதன். இன்றைய தவறு: வடக்கு ஓடையின் வாயில் அடித்தண்ணீரின் வெப்பத்தை அளக்காமலேயே குறித்துவிட்டேன். நாற்றம் தாங்காமல் படகைத் திருப்பச் சொன்னேன். கரைக்கு வந்த பிறகு, போன வார எண்ணைப் பார்த்து 24 என்று எழுதினேன். உண்மையில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சின்ன விஷயம்தான்.

இதை எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, 'சின்ன விஷயம்தான்' என்பதை மட்டும் அடித்தாள்.

மாலை வகுப்பில் பதிவேடு எழுதும் முறையைச் சொல்லித்தரும் ஆசிரியை, தினமும் நாட்குறிப்பில் ஒரு தவறை ஒப்புக்கொள்ளச் சொல்லியிருந்தார். கூடப் படிப்பவர்கள் 'பேருந்தைத் தவறவிட்டேன்', 'குடையை மறந்தேன்' என்று எழுதி ஒப்பேற்றிவிடுவார்கள். இவளுக்கு ஒப்பேற்ற வராது. ஒரு பொருளை மேசையில் வைத்தால் நேராக வைத்தோமா என்று இரண்டு முறை பார்க்கிற பிறவி. மீன் கணக்கெடுக்கும் அலுவலகத்தில் இவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புது நீர்த்தேக்கத்தின் கரையில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை. அதிகாரி ஒருவர், படகோட்டி ஒருவர், தற்காலிகப் பணியில் இவள். அணை கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. மரங்களை வெட்டி அப்புறப்படுத்த யாருக்கும் பொறுமை இல்லை, அப்படியே தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த மரங்கள் நின்ற இடத்திலேயே அழுகிக்கொண்டிருந்தன. தண்ணீர் கஷாய நிறம். அடியிலிருந்து எழும்பி வரும் குமிழ் உடையும்போதெல்லாம் கெட்டுப்போன முட்டை நாறும். படகின் ஓரத்தில் கை வைத்தால் வழவழவென்று ஒரு பாசி ஒட்டும்; சோப்புப் போட்டாலும் போகாது, மணலில் தேய்த்தால்தான் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் மதியச் சாப்பாட்டைப் பிரிப்பாள், முகர்ந்து பார்ப்பாள், மூடிவிடுவாள்.

இந்தத் தண்ணீரில் எவ்வளவு கெண்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. வழி எளிது. போன வாரம் நான்கு நாள் வலை போட்டு 412 கெண்டைகளைப் பிடித்தார்கள். தொட்டியில் போட்டு, ஒவ்வொன்றையும் அளந்து, இடது வயிற்றுத் துடுப்பின் நுனியைக் கத்தரித்து, திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். இந்த வாரம் திங்களும் செவ்வாயும் மறுபடி வலை போட்டதில் 380 வந்தது. அதில் துடுப்பு கத்தரித்தவை நான்கே நான்கு. அடையாளம் வைத்த மீன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கிறதென்றால், அது பெரிய கூட்டத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். 412-ஐ 380-ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் 39,140 வந்தது.

அதிகாரி அந்த எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். முப்பதாயிரத்துக்கு மேல் இருந்தால் தொண்ணூறு படகுகளுக்கு மீன்பிடி உரிமம். கீழே இருந்தால் நாற்பது படகுதான். வெள்ளிக்கிழமை நண்பகல் அறிக்கை தலைமையகம் போக வேண்டும்.

உரிமம் கேட்டவர்களின் வரிசையில் அறுபத்தொன்றாவது ஆள் அவளுடைய மாமா. அக்காவின் கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது வாசலில் வழக்கம்போல் இரண்டு வாளித் தண்ணீர் தயாராக இருந்தது. ஒன்று இவளுக்கு, ஒன்று மாமாவுக்கு. மாமா கோழிப் பண்ணையில் எச்சம் அள்ளுகிறவர். அக்கா வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். வெள்ளைத் துணியில் ஒரு துளி வாடை ஏறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இரண்டு பேரும் பின்பக்கம் போய்க் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் உள்ளே வர முடியும்.

"வந்துட்டாங்கப்பா ரெண்டு அத்தர் கடையும்," என்றாள் அக்கா, தையல் இயந்திரத்தை விட்டுத் தலையைத் தூக்காமலே. "யாரு முதல்ல?"

"உன் தங்கச்சி போகட்டும். என்னோடது ஊர் அறிஞ்ச வாசனை. அவளோடது இன்னிக்கு என்னமோ புதுசா இருக்கு," என்றார் மாமா.

"வடக்கு ஓடைப் பக்கம் போனேன் மாமா."

"அதான பார்த்தேன். நம்ம கோழியே தேவலை போல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏன் கண்ணு, அந்தக் கணக்கு மாறாதுல்ல? தொண்ணூறு தொண்ணூறுதான?"

"சார் அப்படித்தான் சொன்னார்."

"ஒம்போது வருஷம் ஆச்சு. நான் சோறு சாப்பிடறப்ப கோழி எச்சம் ஞாபகம் வராத ஒரு நாள் சொல்லு பார்ப்போம்." அவர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மீன் நாறும்னு சொல்றாங்க. நாறட்டும். அது உசிரோட நாறும்."

அன்று படுக்கும்வரை அவளுக்கு அந்த 24 உறுத்திக்கொண்டே இருந்தது. பார்க்காத எண் ஒன்று அறிக்கையில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கப் போவதில்லை என்பதே உறுத்தியது.

வியாழன் காலை படகோட்டியிடம் போய் நின்றாள். "அண்ணா, வடக்கு ஓடைக்கு ஒரு தடவை போகணும். வெப்பம் அளக்கணும்."

படகோட்டி அப்போதுதான் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அதைத் துப்பிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து அளந்தாச்சுன்னு எழுதினீங்களே?"

"எழுதினேன். அளக்கலை."

"அளவுகோலே பொய் சொல்ல ஆரம்பிச்சா ஊர் என்னாகிறது?" என்று சிரித்தார். "அங்க நாறுதும்மா. என் பொண்டாட்டி நேத்து என் சட்டையைக் குச்சியால தூக்கிப் போட்டா."

"பத்து நிமிஷம்தான் அண்ணா."

"உங்க பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா? போன வாரம் ஒரு தொட்டி மீனை அளக்கறதுக்குள்ள என் மண்டை வெயில்ல வெந்துடுச்சு." முணுமுணுத்துக்கொண்டே துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இயந்திரத்தை இழுத்தார்.

ஓடையின் வாயில் வெப்பமானியை இறக்கினாள். 21. மூன்று டிகிரி தவறு. அதை எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் நேற்றைவிட இன்று நாற்றம் கனத்திருந்தது. மரம் அழுகும் வாடை அவளுக்குப் பழகிவிட்ட ஒன்று. அதற்கு ஒரு புளிப்பு உண்டு. இது அது இல்லை. இது தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"இன்னும் கொஞ்சம் உள்ள போகலாமா அண்ணா?"

"என்னத்துக்கு? சாமி கும்பிடவா?" என்றார். ஆனாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படகுத் துடுப்பைப் போட்டார்.

தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்த பட்ட மரங்களுக்கு நடுவே, காற்று ஒதுக்கிய மூலையில், அழுக்கு நுரை படர்ந்திருந்தது. முதலில் நுரை என்றுதான் நினைத்தாள். படகு அதன் ஓரத்தில் மோதியபோது அது நுரை அல்ல என்று தெரிந்தது. கெண்டைகள். வயிறு மேலே தெரிய, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிளைகளுக்கிடையே அடைத்துக்கொண்டு கிடந்தன. உப்பி வெளுத்திருந்தன. கண் இருந்த இடத்தில் குழி. படகின் அலை பட்டதும் ஒன்றின் வயிறு மெதுவாகப் பிளந்து, உள்ளிருந்து மஞ்சளாக ஏதோ வழிந்து தண்ணீரில் எண்ணெய் போலப் பரவியது. அதன் மேல் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. ஒரு ஈக்கூட்டம் எழும்பி, அவள் உதட்டில் இரண்டு உட்கார்ந்து, திரும்பப் போய் மீனில் உட்கார்ந்தது.

அவள் படகின் மறுபக்கம் ஓடிக் குனிந்தாள். காலையில் குடித்தது எல்லாம் வெளியே வந்தது. வந்ததைத் தின்ன அடியிலிருந்து ஒரு மீன்கூட வரவில்லை என்பதையும் அந்த நிலையிலேயே கவனித்தாள்.

"போலாம்மா. பார்த்தாச்சுல்ல," என்றார் படகோட்டி. துண்டுக்குள்ளிருந்து அவர் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது.

"இருங்க அண்ணா."

படகில் எப்போதும் கிடக்கும் மாதிரிப் பெட்டியைத் திறந்து, கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு மீனைத் தூக்கினாள். தோல் கையோடு வந்தது, மீன் நழுவியது. இன்னொன்றை இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கினாள். வலது வயிற்றுத் துடுப்பு முழுசாக இருந்தது. இடது துடுப்பின் நுனி, கத்தரிக்கோல் வைத்து வெட்டியதுபோல் நேராக முடிந்திருந்தது. அப்படி வெட்டியவள் அவள்தான்.

அடுத்தது. அதிலும் இடது நுனி இல்லை. அடுத்தது. அடுத்தது.

"என்னம்மா தேடறீங்க?"

"நம்ம மீன் அண்ணா. நாம விட்டது."

படகோட்டி துண்டை இறக்கினார், நாற்றம் முகத்தில் அறைந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டார். "எல்லாமா?"

"தெரியலை. எண்ணணும்."

வயிறு உடைந்து துடுப்பு கரைந்துபோனவற்றை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. இடது நுனி தெளிவாகத் தெரிந்தவற்றை மட்டும் எண்ணினாள். துடுப்பை வெட்டி, கெடாமல் இருக்கச் சாராயம் ஊற்றிய ஜாடியில் போட்டுக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்றாவதில் கையுறை கிழிந்தது. அழுகிய சாறு விரலிடுக்கில் வெதுவெதுப்பாக இறங்கியது. அதற்கு மேல் அவளால் தொட முடியவில்லை. கழியால் புரட்டிப் புரட்டிப் பார்த்து மட்டும் எண்ணினாள். அந்த ஒரு மூலையில் 148. இடது நுனி முழுசாக இருந்தவை ஐம்பதுகூட இல்லை.

திரும்பி வரும் வழியில் போன வாரக் குறிப்பேட்டை எடுத்தாள். ஒவ்வொரு தொட்டிக்கும் மீன் போட்ட நேரமும் விட்ட நேரமும் அவளுடைய குண்டுக் குண்டான எழுத்தில் இருந்தன. 10.05, 10.44. 11.10, 11.52. 12.20, 1.01. ஒரு தொட்டிக்கு நாற்பது நிமிடம். கையேட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதே என்றும், ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்று என்றும் இருந்தது. அதை அவள் படித்திருக்கிறாள், அடிக்கோடும் போட்டிருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு மீனையும் இரண்டு முறை அளந்தாள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது முறை. நீளத்தில் அரை சென்டிமீட்டர்கூடத் தப்பக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் அளந்து முடிப்பதற்குள் தொட்டியின் அடியில் கிடந்தவை சூடான தண்ணீரில் மூச்சுத் திணறி அரை உயிராகிவிட்டன. தண்ணீரில் விட்டதும் வாலை ஒரு சுழற்று சுழற்றிக்கொண்டு போனதைப் பார்த்து, பிழைத்துக்கொண்டன என்று நினைத்தாள். போய்ச் செத்திருக்கின்றன.

அடையாளம் வைத்த மீன் வலையில் வராததற்குக் காரணம் பெரிய கூட்டம் அல்ல. அவை உயிரோடு இல்லை.

நீளம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 412 மீனுக்கும் அரை சென்டிமீட்டர்கூடத் தப்பில்லை. அவளுக்குத் தன் கையெழுத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி மேசையில் அறிக்கையை விரித்து வைத்து, அதன் மேலேயே அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவள் ஜாடியை அவர் முன்னால் வைத்தாள்.

"முதல்ல அதை அந்தப் பக்கம் எடுங்க," என்றார். அவள் எடுத்து ஜன்னலில் வைத்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்: ஓடை, மீன், துடுப்பு, தொட்டி, நாற்பது நிமிடம். அவர் முட்டையைப் பாதி கடித்துக்கொண்டு கேட்டார். மஞ்சள் கரு உதிர்ந்து '39,140' மேல் விழுந்தது. அதைச் சுண்டுவிரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.  

"ஏம்மா, புது அணையில மீன் சாகத்தான் செய்யும். மரம் அழுகுது, காத்து கிடையாது. இயற்கை."

"செத்ததுல முக்கால்வாசி நாம துடுப்பு வெட்டினது சார். இயற்கை எப்படி சார் தேடித் தேடி நம்ம மீனை மட்டும் கொல்லும்?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "சரி. எத்தனை?"

"நூத்தி நாப்பத்தெட்டு. இன்னும் உள்ள இருக்கும்."

"ஜாடியில எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"அப்போ முப்பத்தொண்ணுதான். கழியால எண்ணினதை நான் தலைமையகத்துக்கு எழுத முடியுமா? அவங்க சிரிப்பாங்க. முப்பத்தொண்ணைக் கழிச்சுப் போடுங்க பார்ப்போம்."

அவள் அங்கேயே போட்டாள். 381 மீன் உயிரோடு என்று வைத்தால் 36,195.

"முப்பதுக்கு மேலதான இருக்கு. அப்புறம் என்ன?" பாதி முட்டையை வாயில் தள்ளிக்கொண்டார். "இதோ பாருங்க. நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லலை. துடுப்பைக் கொண்டு வந்து வைங்க, எண்ணை மாத்தறேன். ஆனா காரணம்னு ஒரு பத்தி எழுதணும். அதுல தொட்டி வரும், உங்க பேர் வரும். அடுத்த மாசம் உங்க பணி நீட்டிப்புக் கடிதத்துல நான்தான் கையெழுத்துப் போடணும். யோசிச்சுக்குங்க. நாளைக்குப் பன்னெண்டு மணி."

அவள் தன் மேசைக்கு வந்து இன்னொரு கணக்குப் போட்டாள். எத்தனை துடுப்பு இருந்தால் எண் முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கும்? 96 என்றால் 30,020. 97 என்றால் 29,925. ஆக 97 வேண்டும். 31 இருக்கிறது. இன்னும் 66.

அன்று மாலை வகுப்பு இல்லை. வாசலில் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் விரலிடுக்கு நாறியது. அக்கா கதவைப் பாதி திறந்து ஒரு முறை மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணு," என்றாள். நான்காவது வாளிக்குப் பிறகு உள்ளே விட்டாள்.

மாமா தரையில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பழைய வலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருக்க வழி தேடினாள். கிடைக்கவில்லை. சொன்னாள்.

அவர் கை வலையில் அப்படியே நின்றது. "நாப்பது படகுன்னா அறுபத்தொண்ணு வருமா?"

"வராது மாமா."

"சரி, நிஜமா எவ்வளவு மீன் இருக்கும்?"

"பத்தாயிரம் இருக்கலாம். இருபதாயிரம் இருக்கலாம். தொண்ணூறு படகு இறங்கினா ஒரு வருஷத்துல துடைச்சு எடுத்துடுவாங்க."

"ஒரு வருஷம் இருக்குமில்ல?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"அப்போ அந்த ஒரு வருஷம் நான் புடிச்சுக்கிறேனே. அதுக்கப்புறம் எவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன?" அவர் குரல் ஏறவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லலையே. அந்த ஆள்தான் சொல்லிட்டாரே, துடுப்பு இல்லேன்னா எண்ணு மாறாதுன்னு. நாளைக்குப் போகாத. வயித்து வலின்னு படு."

"வயிறு நிஜமாவே சரியில்ல மாமா."

"பார்த்தியா, பொய்கூட இல்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஏங்க, அவளை விடுங்க. போகணுமா வேண்டாமான்னு அவ முடிவு பண்ணட்டும்," என்றாள்.

"அவ என்ன முடிவு பண்ணுவான்னு எனக்குத் தெரியாதா? ஒரு ரொட்டியை ரெண்டா பிச்சா ரெண்டு பக்கமும் சரியா இருக்கான்னு தூக்கிப் பார்க்கிறவ." அவர் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "மீனைக் கொன்னது நீ. உன் கையால கொன்னு, உன் கையால எண்ணி, என் பேரை அடிக்கிற. அங்க அழுகிக் கிடக்கிறதைவிட இது எனக்குக் குமட்டுது."

  அவர் சொன்னதில் தப்பான எண் எதுவும் இல்லை.

மாமா வலையைச் சுருட்டி மூலையில் எறிந்தார். எழுந்து பின்பக்கம் போனார். வாளியை எடுக்கும் ஓசை கேட்டது. ஏற்கெனவே குளித்தவர் மறுபடி குளித்தார். அக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். "மூணு நாளைக்கு உன்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டார். அப்புறமும் பேசுவாரான்னு தெரியலை. நீ ரெண்டு வாய் சாப்பிடு."

ஒரு வாய் எடுத்தாள். விரலிலிருந்து வாடை முதலில் வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கரண்டி கேட்டு வாங்கினாள். கரண்டியால் மூன்று வாய் உள்ளே போனது.

பிறகு நாட்குறிப்பை எடுத்தாள். 'மீன்கள் இறந்தன' என்று எழுதி, நிறுத்தி, அதை அடித்துவிட்டு எழுதினாள்: மார்ச் 15, வியாழன். போன வாரம் மீன்களைத் தொட்டியில் நாற்பது நிமிடம் வைத்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவற்றில் 148 செத்துக் கிடப்பதை இன்று பார்த்தேன். இந்தப் பத்தியை இப்படியே அறிக்கையிலும் எழுத வேண்டும்.

ஒரு வரி விட்டு, நாளைய வேலையைக் குறித்தாள்.

காலை ஐந்தரைக்குப் படகுத்துறை. படகோட்டிக்கு இன்றைக்கே சொல்லி அனுப்பியாகிவிட்டது. வருவதாகச் சொன்னார், திட்டிக்கொண்டே. தடித்த கையுறை மூன்று ஜோடி, கத்தரிக்கோல் இரண்டு, பெரிய ஜாடி, சாராயம். வெறும் வயிற்றோடு போக வேண்டும். வடக்கு ஓடையின் மூலையில் தொடங்கி, மரங்களுக்குள் படகு போகும்வரை போக வேண்டும். இடது நுனி தெளிவாக இருந்தால் மட்டும் வெட்டி ஜாடியில் போட வேண்டும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். 66 வந்ததும் நிறுத்தக் கூடாது. பதினொன்றுக்குக் கரை. பன்னிரண்டுக்குள் ஜாடி, எண், பத்தி மூன்றும் சார் மேசையில்.